ஓட்டைகளை வரைவது எப்படி? பிக்சல் ஓவிய உடைகளுக்கு லேஸ் போட ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் ஒரு பிக்சல் பொம்மைக்கு, அதாவது சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரையும் உருவத்துக்கு, லேஸ் வைத்த பாவாடை வரைந்தபோது, அது கரையான் அரித்த பாவாடையாகத்தான் வந்தது. பதினாறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இதழ் இதழாகப் பூ இருந்தது. இயல்பான அளவுக்குத் திரும்பினால் வெறும் அழுக்கு. இரண்டு மாலைப்பொழுதுகளை விழுங்கிய வேலை அது.

பிறகு ஒருநாள் தையல் சாமான் கடையில் ஓர் அம்மா லேஸ் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுருளையும் அவிழ்த்து, டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் பார்த்தது வெளிச்சம் எங்கெங்கே ஊடுருவி வருகிறது என்பதை. என் தவறு அங்கேதான் பிடிபட்டது. நான் நூலை வரைந்துகொண்டிருந்தேன். வரைய வேண்டியது ஓட்டைகளை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் ஓட்டைகள் திரும்பத் திரும்ப வந்துவிட்டால், நூல் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கீழே வரும் எல்லா வேலையும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் பயன்படுத்துவது இலவச மென்பொருளான கிம்ப் 2.10. மெனுப் பெயர்களை அதன்படியே சொல்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஒன்றுதான், பொத்தான்தான் வேறு.

எந்த லேஸ், எந்த அளவு?

பிக்சலில் வரைவதற்காக லேஸை மூன்றாகப் பிரித்துக்கொள்வது வசதி. முதலாவது, மெல்லிய வலையும் அதன்மேல் பூவும் கொண்ட லேஸ். பிரான்சின் ஷான்டிலி நகரத்தின் பெயரைத் தாங்கிய கறுப்புப் பட்டு லேஸ் இதற்குப் பேர்போனது. இரண்டாவது கிப்யூர். இதில் வலையே கிடையாது. தடித்த பூக்கள் சின்னச் சின்ன நூல் பாலங்களால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டைகள் பெரியவை என்பதால் சிறிய உருவங்களுக்கு இதுதான் நன்றாக எடுபடும். மூன்றாவது ஃபிலே. சதுரக் கண் வலையில் சில கண்களை மட்டும் நூலால் அடைத்து உருவம் எடுப்பது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் கிடந்த குரோஷா விரிப்பை நினைவிருப்பவர்களுக்கு இதன் ஜாடை தெரியும். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கான மாதிரிகளைக் கட்டம்போட்டு, கறுப்பு வெள்ளைச் சதுரங்களாக அச்சிட்டு விற்றார்கள். இன்று எடுத்துப் பார்த்தால் அவை அச்சு அசல் பிக்சல் ஓவியம்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ராபர்ட் கால்டுவெல்லை மணந்த அவருடைய மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். தலையணை லேஸ் எனப்படும் அந்த முறையில் முதலில் அட்டையில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொள்வார்கள். அட்டையைத் தலையணைமேல் பொருத்தி, புள்ளிதோறும் குண்டூசி நிறுத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். புள்ளி முதலில், நூல் பிறகு. இதே ஒழுங்கைத்தான் நாமும் பின்பற்றப்போகிறோம்.

அளவில் பேராசை கூடாது. உருவத்தின் உயரம் 32 பிக்சல் என்றால் லேஸுக்கு இடமே இல்லை. பாவாடையின் கடைசி வரியில் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வெள்ளை வைத்தால் போதும், கண் அதை லேஸ் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிக்சல் உயரத்துக்கு மூன்று வரிக் கரை போடலாம். பூ, வலை, வளைவு விளிம்பு என்று ஆசை தீர வரைய 120 பிக்சலாவது உயரம் வேண்டும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் உருவங்களுக்கு ஆடை வரைபவர்களுக்கு இன்னும் நெருக்கடி. அங்கே கை 4 பிக்சல் அகலம்தான், ஒல்லி உருவத்தில் 3. வெளி அடுக்கில் ஒன்றிரண்டு பிக்சல்களை உண்மையாகவே அழித்து, உள்ளே இருக்கும் தோல் தெரியும்படி விடுவதுதான் அங்கே சாத்தியமான லேஸ்.

இந்த வழிகாட்டியில் வரையப்போவது 121 பிக்சல் அகலமும் 180 பிக்சல் உயரமும் உள்ள ஒரு பெண் உருவத்துக்கு: பாவாடைக் கரைக்கு வெள்ளை லேஸ், கைகளுக்குக் கறுப்பு வலை. அகலம் ஏன் ஒற்றைப்படை என்பது பிறகு தெரியும்.

மேசையைத் தயார்செய்தல்

தூரிகைக் கருவியைத் தொடவே தொடாதீர்கள். பென்சில் கருவிதான் (N விசை), அளவு 1. பிரஷ் பட்டியலில் ஒற்றைப் பிக்சல் பிரஷ் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அழிப்பானின் அமைப்புகளில் 'ஹார்ட் எட்ஜ்' என்பதை டிக் செய்யாவிட்டால் அது அழிக்கும் இடத்தில் மங்கலான கறை விடும். நீள்வட்டம், கைத்தேர்வு முதலிய தேர்வுக் கருவிகளில் ஓரங்களை மழுப்பிக் காட்டும் 'ஆன்டிஅலையாசிங்' டிக்கை எடுத்துவிடுங்கள். லேஸில் அரைகுறையாகத் தெரியும் பிக்சல் ஒன்று தவறி விழுந்தாலும் அது ஓட்டையும் இல்லை, நூலும் இல்லை. தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்து, 'வியூ' மெனுவில் 'நியூ வியூ' என்பதைச் சொடுக்குங்கள். அதே படம் இரண்டாவது சன்னலில் திறக்கும். ஒன்றை 1600 விழுக்காட்டில் வைத்து வரையுங்கள், மற்றதை 100 விழுக்காட்டில் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஒன்றில் வைக்கும் புள்ளி உடனுக்குடன் மற்றதிலும் விழும். இந்த ஏற்பாடு முதல் நாளே தெரிந்திருந்தால் அந்தக் கரையான் பாவாடை பிறந்திருக்காது. வரையும்போது கண் மூன்றில் இரண்டு பங்கு நேரம் சின்னச் சன்னலில்தான் இருக்க வேண்டும்.

'இமேஜ்' மெனுவின் 'கான்ஃபிகர் கிரிட்' வழியாகக் கட்டத்தின் அகலத்தை 8 என்று வைத்து, 'வியூ' மெனுவில் 'ஷோ கிரிட்' போட்டுக்கொள்ளுங்கள். நம் லேஸ் எட்டுப் பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வரப்போகிறது.

வலை: நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா?

வாசலில் கோலம் போட்டவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே தேவையில்லை. புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரும்படி அடுத்த வரியை வைத்தால் ஊடுபுள்ளி. ஓட்டைகளை நேர்ப்புள்ளியாக வைத்தால் ஃபிலே மாதிரி, சற்று மோசமாகப் போனால் கொசுவலை மாதிரி வரும். ஊடுபுள்ளியாக வைத்த மறுகணம் அது மெல்லிய துணியாகிவிடும். உண்மையான வலை லேஸின் கண்களும் தேன்கூட்டைப்போல ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித்தான் அமைகின்றன.

4×4 அளவில், பின்னணி ஒளிபுகும்படி புதிய படம் ஒன்றைத் திறந்து இப்படி நிரப்புங்கள். கறுப்புக் கட்டம் நூல், வெற்றுக் கட்டம் ஓட்டை.

■□□□
□■□■
□□■□
□■□■

பதினாறில் ஆறு நூல், பத்து ஓட்டை. தனியாகப் பார்த்தால் ஏதோ ஆங்கில எழுத்தைப் பாதியில் விட்டதுபோல் இருக்கும். நான்கு பக்கமும் திரும்பத் திரும்ப வைத்தால் சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, ஒவ்வோர் ஓட்டையும் ஐந்து பிக்சல் கொண்ட ஒரு கூட்டல் குறியாக நிற்கும். நூல்கள் மூலைக்கு மூலை மட்டுமே தொடுவதால் கனமே தெரியாது. கை, கழுத்து மறைப்பு, முக்காடு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வலை போதும்.

படத்தை அப்படியே நகலெடுத்து (கண்ட்ரோல் + சி), 'எடிட் > பேஸ்ட் ஆஸ் > நியூ பேட்டர்ன்' வழியாகப் பெயர் வைத்துச் சேமியுங்கள். இனி வாளிக் கருவியில் (ஷிஃப்ட் + பி) 'பேட்டர்ன் ஃபில்' என்று தேர்ந்தெடுத்து எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். ஒளிபுகும் பிக்சல்கள் பேட்டர்னிலும் ஒளிபுகும் பிக்சல்களாகவே இருக்கும்.

கரை லேஸ்: எட்டுக்கு ஏழு

இனி முக்கியமான வேலை. கரை லேஸுக்கு மூன்று பகுதிகள் உண்டு. மேலே துணியோடு சேர்த்துத் தைக்கும் நேர்ப்பட்டை. நடுவே பூவேலை. கீழே அலை அலையான விளிம்பு. விளிம்பின் நுனியில் நிற்கும் குட்டி நூல்வளையத்துக்குப் பிக்கோ என்று பெயர். புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது 'பிக்கோ அடித்துக் கொடுங்கள்' என்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

8 பிக்சல் அகலம், 7 பிக்சல் உயரத்தில் புதிய படம் திறந்து இதை வரையுங்கள். முத்திரைபோலத் திரும்பத் திரும்பப் பதிக்கப்போகும் நம் அச்சு இதுதான்.

■■■■■■■■
■□■□■□■□
■■■■■■■■
■■□■■■□■
□■■■□■■■
□□■■■■■□
□□□□■□□□

வரி வரியாகப் பார்ப்போம். முதல் மூன்று வரிகள் நேர்ப்பட்டை. நடுவரியில் ஒன்றுவிட்டு ஒன்று வரும் நான்கு ஓட்டைகள் நாடா கோக்கும் துளைகள்போலத் தெரியும். நான்காம் வரியில் இரண்டு ஓட்டைகள், ஐந்தாம் வரியில் அவற்றுக்கு நடுவே ஓர் ஓட்டை: ஊடுபுள்ளியில் மூன்று. இந்த மூன்றுதான் பூ. ஆமாம், இதழ் கிடையாது, காம்பு கிடையாது. 100 விழுக்காட்டில் பாருங்கள், கண் தானாகவே அதைப் பூவாக்கிக்கொள்ளும். இதழ் வரையப் போனால் மீண்டும் கரையான்தான்.

ஐந்தாம் வரியின் முதல் கட்டம் காலி. ஆறாம் வரியில் அந்தப் பள்ளம் மூன்று பிக்சலாக விரிகிறது, ஏழாம் வரியில் ஏழாக விரிகிறது. ஒன்று, மூன்று, ஏழு. ஒன்று, மூன்று, ஐந்து என்று சீராக விரித்தால் விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும். கீழே வரவர வேகமாக விரிந்தால்தான் அலை வட்டமாகத் தெரியும். எந்த வளைவு விளிம்பு வரைந்தாலும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள்: அச்சின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஐந்தாம் நிரல் அலையின் உச்சி. முதல் நிரல் பள்ளத்தின் நடு. பள்ளத்தின் மறுபாதி அடுத்த அச்சில் இருக்கிறது. அதனால் கடைசி அச்சுக்குப் பிறகு முதல் நிரலை ஒருமுறை கூடுதலாக வைத்தால்தான் கரை முழுதாக முடியும். பந்தல்கால் கணக்கு இது: நான்கு இடைவெளிக்கு ஐந்து கால் நட வேண்டும். இதனால்தான் கரையின் மொத்த அகலம் எப்போதும் ஒற்றைப்படையாக வரும், உருவத்தின் அகலத்தையும் ஒற்றைப்படையாகவே வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைப்படையில் வரைந்துவிட்டு நடுவில் அலை எப்போதும் ஒரு பிக்சல் தள்ளியே நிற்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, 'லேயர் > டிரான்ஸ்ஃபார்ம் > ஆஃப்செட்' திறந்து, கிடைமட்டத்தில் 4 பிக்சல் நகர்த்துங்கள். 'ராப் அரவுண்ட்' தேர்வில் இருக்கட்டும். ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே பள்ளம் உடையாமல் வந்தால் சரி. பார்த்த பிறகு கண்ட்ரோல் + இசட் அடித்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுங்கள். திரும்பாமல் பேட்டர்னாகச் சேமித்துவிட்டுப் பிறகு பந்தல்கால் கணக்கு இடிக்கிறதே என்று தேடுவது தேவையில்லாத வேலை. கிரிட்டா என்ற மென்பொருளில் டபிள்யூ விசையை அழுத்தினாலே படம் நான்கு பக்கமும் திரும்பத் திரும்பத் தெரியும். பிக்சல் ஓவிய மென்பொருளான ஆஸ்ப்ரைட்டில் 'டைல்டு மோடு' அதே வேலையைச் செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கிம்ப் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது.

பாவாடையில் பொருத்துவது

நம் பாவாடையின் கீழ்விளிம்பு 81 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு எட்டாக நிரப்பினால் பத்து அச்சும் ஒரு பந்தல்காலும் சரியாகப் பொருந்தும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். பத்து இரட்டைப்படை, நடுவில் பள்ளம் வந்து நிற்கும், பாவாடை இரண்டாகப் பிளந்ததுபோல் தோன்றும். அதைவிட முக்கியமாக, பாவாடை உருண்டை. ஓரங்களில் துணி நம்மைவிட்டுத் திரும்பிப் போகிறது, அங்கே அலைகள் நெருக்கமாகத் தெரிய வேண்டும். எல்லா அலையும் ஒரே அகலத்தில் இருந்தால் அட்டையில் வெட்டி ஒட்டிய பாவாடைதான் கிடைக்கும்.

அச்சின் 2-ஆம் நிரலையும் 8-ஆம் நிரலையும் எடுத்துவிடுங்கள். ஆறு பிக்சல் அகலத்தில் ஒரு தம்பி அச்சு கிடைக்கும்:

■■■■■■
■■□■□■
■■■■■■
■□■■■□
□■■□■■
□■■■■■
□□□■□□

பூவின் மூன்று ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன, பள்ளம் ஒடுங்கி, நாடாத் துளைகளில் இரண்டு குறைந்திருக்கிறது. இப்போது கணக்கு: இடப்பக்கம் தம்பி இரண்டு (12), நடுவில் அண்ணன் ஏழு (56), ஒரு பந்தல்கால் (1), வலப்பக்கம் தம்பி இரண்டு (12). மொத்தம் 81. பதினோரு அலைகள், நடு அலையின் உச்சி 41-ஆம் நிரலில், மிகச்சரியாக மையத்தில்.

இதைப் பாவாடைமேல் நேரடியாகக் கொட்ட வேண்டாம். பேட்டர்ன் நாம் சொடுக்கிய இடத்திலிருந்து தொடங்காது. அச்சு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். 57×7 அளவில் தனிப் படம் ஒன்று திறந்து, அதில் அண்ணன் பேட்டர்னை நிரப்பி, நகலெடுத்துப் பொம்மைக் கோப்பில் புதிய லேயராக ஒட்டுங்கள். அதன் இடப்பக்கம் தம்பி இரண்டை ஒட்டுங்கள். அந்த 12 பிக்சலையும் நகலெடுத்து, ஃபிளிப் கருவியால் இடவலமாகப் புரட்டி வலப்பக்கம் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே லேயராக இணைத்துக்கொள்ளலாம்.

இப்போது கரை நேர்க்கோடாக இருக்கிறது. பாவாடையின் அடி நடுவில் இறங்கி ஓரங்களில் ஏறியிருக்கும். செவ்வகத் தேர்வுக் கருவியால் (ஆர் விசை) ஓர் அலையைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + எக்ஸ் கொடுத்து, 'பேஸ்ட் இன் பிளேஸ்' (கண்ட்ரோல் + ஆல்ட் + வி) செய்யுங்கள். வெட்டிய இடத்திலேயே அது வந்து நிற்கும். நகர்த்தும் கருவியோடு கீழ் அம்பு விசையைத் தேவையான தடவை தட்டி, கண்ட்ரோல் + எச் அடித்துப் பதித்துவிடுங்கள். இடமிருந்து வலமாக நான் இறக்கும் அளவு: 0, 2, 3, 4, 4, 5, 4, 4, 3, 2, 0. ஓரத்தில் ஒரேயடியாக இரண்டு பிக்சல் இறங்கும் இடத்தில் படிக்கட்டு தெரியும். அங்கே பென்சிலால் ஒரு பிக்சல் வைத்து மழுப்பிவிடுங்கள். வெட்டு எப்போதும் பள்ளத்தில்தான் விழ வேண்டும். அலையின் வயிற்றில் வெட்டினால் பூ உடையும்.

மடிப்புகளை மறந்துவிடாதீர்கள். பாவாடையின் மடிப்பு உள்வாங்கும் இடத்தில் லேஸும் உள்வாங்கும். அந்த நிரல்களில் ஓட்டைகளை அடைத்துவிட்டு, நிழல் நிறம் பூசுங்கள். துணி துணிமேல் படிந்திருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவாது. 81 பிக்சலில் இப்படி மூன்று நான்கு இடங்களில் ஓட்டைகள் காணாமல் போனால் போதும், மற்ற ஓட்டைகளை எல்லோரும் நம்பிவிடுவார்கள். நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். பேட்டர்ன் கொட்டுவது ஐந்து நிமிட வேலை. கொட்டியது தெரியாமல் கலைப்பதற்குத்தான் அரை நாள்.

நிறம்: நூல், நிழல், இடைநிறம்

தூய வெள்ளையில் லேஸ் வரைந்தால் அது சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். பருத்தி நூலுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை போதும். சிவப்பு 244, பச்சை 238, நீலம் 226 என்பது என் வழக்கமான நூல் நிறம். நிழலில் இருக்கும் நூலுக்குச் சாம்பல் வேண்டாம். 205, 200, 212 மாதிரி லேசான ஊதா சாயல் கொடுத்தால் துணி சுத்தமாகத் தெரியும்.

ஓட்டைக்கு எந்த நிறம்? பின்னால் என்ன இருக்கிறதோ அந்த நிறம். பாவாடைக்குக் கீழே தொங்கும் லேஸ் என்றால் பின்னணி எதுவென்று நமக்குத் தெரியாது. அங்கே ஓட்டையை உண்மையான ஓட்டையாகவே விட்டுவிட வேண்டும். கழுத்துப் பட்டை, மணிக்கட்டு போன்ற இடங்களில் தோல் தெரியும். நம் பெண்ணின் தோல் நிறம் 176, 118, 84 என்று வைத்தால், வெள்ளை நூலுக்கு நடுவே அந்தப் பழுப்பு பொட்டுப் பொட்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நாடா கோக்கும் துளை வரியைப் பாருங்கள்: வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பழுப்பு. 100 விழுக்காட்டில் அது கண்ணைக் கூசவைக்கும்.

இதற்குத்தான் இடைநிறம். நூலையும் தோலையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 210, 178, 155 கிடைக்கும். ஒற்றைப் பிக்சல் துளைகளான இரண்டாம் வரியை இந்த இடைநிறத்தால் நிரப்புங்கள். பூவின் மூன்று ஓட்டைகளை முழுத் தோல் நிறத்தில் விடுங்கள். சின்னத் துளை மங்கலாகவும் பெரிய பூ பளிச்சென்றும் தெரிய, தட்டையாக இருந்த லேஸுக்கு ஆழம் வந்துவிடும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். எனக்கு இன்றும் அது சின்ன மாயவித்தையாகத்தான் தெரிகிறது.

கடைசியாக, லேஸின் நிழல் தோலில் விழ வேண்டும். லேஸ் லேயருக்கு அடியில் அதன் நகல் ஒன்றை வைத்து, ஓட்டைகளில் நிறம் விழாமல் காக்கும் 'லாக் ஆல்ஃபா' பொத்தானை அழுத்தி, 150, 94, 68 நிறத்தால் முழுவதும் நிரப்பி, ஒரு பிக்சல் கீழே நகர்த்துங்கள். நிழல் அலை விளிம்பின் அடியில் ஒரு பிக்சல் எட்டிப் பார்க்கும், அதுதான் வேண்டும். ஒற்றைப் பிக்சல் ஓட்டைகளை அது முழுவதும் அடைத்துவிடும், அந்த இடங்களில் மட்டும் நிழலை அழித்துவிடுங்கள்.

கறுப்பு வலைக் கை

கறுப்பு லேஸ் எளிது என்று நினைத்துக் கைவைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். தூய கறுப்பு வேண்டாம். 46, 34, 48 எடுத்துக்கொள்ளுங்கள். கையை மூடும் அளவுக்குப் பெரிய தனி லேயரில் 4×4 வலையைக் கொட்டி, அம்பு விசைகளால் நகர்த்தி, கையின் விளிம்பில் நூல் பொருந்தும் இடம் பார்த்து நிறுத்துங்கள். பிறகு கையின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, தேர்வைத் தலைகீழாக்கி (கண்ட்ரோல் + ஐ), வெளியே இருப்பதை அழியுங்கள்.

இந்த நிலையில் கை மீன்வலையில் மாட்டியதுபோல் இருக்கும். காரணம், வலை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கிறது. மெல்லிய துணி போட்ட கையை நேரில் கவனியுங்கள்: நடுவில் தோல் நன்றாகத் தெரியும், ஓரத்தில் கறுப்பு கூடும். ஓரத்தில் துணியைச் சாய்வாகப் பார்க்கிறோம், அதே இடத்துக்குள் அதிக நூல்கள் நெருங்கி நிற்கின்றன. பிக்சலில் இதைக் கொண்டுவர, கையின் இரண்டு ஓரங்களிலும் ஒரு பிக்சல் முழுக் கறுப்பு. அதை ஒட்டி உள்ளே ஒரு பிக்சல் இடைநிறம், அதாவது 111, 76, 66. நடுவில் மட்டும் வலை. முழங்கை மடங்கும் இடத்திலும் இடைநிறத்தைச் சற்றுத் தாராளமாகப் பூசலாம்.

பூ வேண்டுமென்றால் ஃபிலே தந்திரம்: வலையின்மேல் புதிதாக எதையும் வரையாமல், கண்களை அடையுங்கள். அடுத்தடுத்த மூன்று நான்கு கூட்டல் குறிகளை முழுக் கறுப்பால் நிரப்பினால் ஒரு பூ. அதற்கு இரண்டு கண் தள்ளி, தனியாக ஒரு கண்ணை நிரப்பினால் மொட்டு. மேற்கையில் பூக்கள் நெருக்கமாகவும் மணிக்கட்டுக்கு வரவரச் சிதறியும் இருந்தால் அழகு. மணிக்கட்டில் நம் எட்டு பிக்சல் அச்சையே கறுப்பில் சுருக்கி வைத்துவிடலாம்.

சேமிப்பதும் பெரிதாக்குவதும்

பிஎன்ஜி கோப்பாக மட்டுமே ஏற்றுமதி செய்யுங்கள். ஒருமுறை அவசரத்தில் ஒரு விளையாட்டுக்கான உருவத்தை ஜேபெக் கோப்பாக அனுப்பிவிட்டேன். ஒளிபுகும் பகுதி எல்லாம் வெள்ளையாகி, லேஸைச் சுற்றி ஈசல் மொய்த்ததுபோல் புள்ளிகளோடு போய்ச் சேர்ந்தது. அரட்டைச் செயலிகளில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான், ஆவணமாக அனுப்ப வேண்டும். ஏற்றுமதிக்கு முன் 'லேயர் > டிரான்ஸ்பரன்ஸி > திரெஷோல்டு ஆல்ஃபா' ஒருமுறை ஓட்டிவிட்டால், எங்காவது ஒளிந்திருக்கும் அரைகுறைப் பிக்சல்கள் நூலாகவோ ஓட்டையாகவோ மாறிவிடும்.

பெரிதாக்கிக் காட்ட வேண்டுமானால் 'ஸ்கேல் இமேஜ்' போய் 'இன்டர்பொலேஷன்' என்பதில் 'நன்' வைத்து, 2, 3, 4 என்று முழு மடங்குகளில் மட்டும் பெரிதாக்குங்கள். ஒன்றரை மடங்கு என்று கொடுத்தால் ஒற்றைப் பிக்சல் ஓட்டைகளில் சில ஒரு பிக்சலாகவும் சில இரண்டு பிக்சலாகவும் வரும். முகத்திலோ முடியிலோ அது தெரியாமல் போகலாம். லேஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

உருவம் நடக்கப்போகிறது என்றால், அசைவுக்காக அடுத்தடுத்துக் காட்டும் படங்களில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் பேட்டர்னைப் புதிதாகக் கொட்டக் கூடாது. ஓட்டைகள் துணியோடு நகராமல் அதே இடத்தில் நின்று மினுமினுக்கும். முதல் ஃபிரேமில் வெட்டி வைத்த பதினோரு அலைகளையும் தனித்தனி லேயராகவே வைத்துக்கொண்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் முழுப் பிக்சல் கணக்கில் ஏற்றி இறக்குங்கள். பாவாடை அசைந்து ஒரு ஃபிரேம் கழித்து லேஸ் அசையட்டும். நடை நின்ற பிறகும் ஓரத்துத் தம்பி அலைகள் இரண்டும் ஒரு பிக்சல் ஆடிவிட்டு நிற்கட்டும்.